கணக்கு டீச்சருக்கு ஒரு நாற்காலி

கணக்கு டீச்சரைப் பழிவாங்குவது என்று முடிவாகிவிட்டது. யார் தலைமை தாங்குவது என்ற கேள்வி எழுந்ததும், சைக்கிள் ஸ்டாண்டில் கூடியிருந்த பதினோராம் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் 'புதுசு' பக்கம் திரும்பினார்கள்.

"நீதான்டி சரி," என்றாள் வகுப்பு லீடர். "உன்னைத்தானே தினமும் வறுத்து எடுக்கறாங்க? எங்களுக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸோட போச்சு, வேற யாருக்காவது இவ்வளவு திட்டு விழுதா?"

இந்த வருடம்தான் வந்து சேர்ந்தவள் என்பதால் அவளுக்குப் 'புதுசு' என்று பெயர். அவள் ஓரடி பின்வாங்கினாள்.

"எனக்கு அப்படி ஒண்ணும் கோபம் இல்லையே."

"பாருங்கடி, என்ன மனசு இவளுக்கு!" என்று உருகினாள் சோடாபுட்டி. தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் கலங்கியே போயின. "இவளைப் போய்த் திட்டறாங்களே! விடக்கூடாதுடி!"

விஷயம் என்னவென்றால், கணக்கு டீச்சர் புதுசின் சொந்த அம்மா.

அந்த ரகசியத்தை அவள் உயிரைப் போலக் காத்து வந்தாள். பழைய பள்ளியில் அவள் பெயரே 'டீச்சர் பொண்ணு'. அவள் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். நல்ல மார்க் வாங்கினால் கேள்வித்தாள் வீட்டிலேயே கிடைத்ததென்பார்கள், குறைந்தால் டீச்சர் பொண்ணுக்கே இந்த லட்சணமா என்பார்கள். தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட ஒரு தோழிகூட இல்லாமல் அவள் அழுத அழுகை அவளுக்கும் தலையணைக்கும்தான் தெரியும். அதனால்தான் இரண்டு பேரும் இந்தப் பள்ளிக்கு மாறியபோது அம்மாவிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பள்ளியில் நீ யாரோ, நான் யாரோ. பஸ்ஸில்கூட ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம்.

யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, வகுப்பில் தன்னைக் கொஞ்சம் திட்டவும் சொல்லி வைத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மெல்லப் பேச்செடுத்தாள்.

"அம்மா, நாளைலேர்ந்து என்னைத் திட்டாத."

"நீதானே திட்டச் சொன்ன?"

"ஒப்புக்குத் திட்டச் சொன்னேன். நீ ஆசை தீரத் திட்டற."

"நீ வீட்டுல பண்ற அட்டகாசத்துக்கு அங்கதான்டி திட்ட முடியுது. இங்க திட்டினா கதவைச் சாத்திக்கற. அங்க கையைக் கட்டிட்டுக் கேக்கற."

"நான் சீரியஸா சொல்றேன்ம்மா."

"சரி, சரி. நாளைக்குப் பாரு, தேனா பேசறேன்."

பேசினாள். மறுநாள் வகுப்பில் புதுசு கரும்பலகையில் போட்ட கணக்கு முதல் வரியிலேயே தப்பு. அம்மா அதை ரசித்துப் பார்த்துவிட்டு, "அருமை! என் கண்ணு, எவ்வளவு அழகா தப்பு பண்ணியிருக்க!" என்றாள். வகுப்பே மூச்சை இழுத்துப் பிடித்தது.

"பச்சையா குத்திக் காட்டறாங்கடி," என்று பல்லைக் கடித்தாள் லீடர். "இதுக்கு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்."

கோபம் இரண்டு மடங்கானது. அதைத் தணிக்க வேறு வழி தெரியாமல், சாப்பாட்டு இடைவேளையில் புதுசு இரக்கத்தைக் கிளப்பிப் பார்த்தாள்.

"பாவம்டி அவங்க. இடுப்பு வலியில ரொம்பக் கஷ்டப்படறாங்க."

"இடுப்பு வலியா?" லீடர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உனக்கெப்படித் தெரியும்?"

"ந... நடக்கறதைப் பார்த்தாலே தெரியுதே."

"அப்படிப் போடு! இவ்வளவு நேரம் என்ன பண்றதுன்னு மண்டையை உடைச்சிட்டிருந்தோம், இவ ஒரே வார்த்தையில சொல்லிட்டா. ஸ்டோர் ரூம்ல கால் உடைஞ்ச நாற்காலி ஒண்ணு கிடக்கு. சும்மா ஒட்டி நிக்க வெச்சிருக்காங்க. ஆள் உக்காந்தா அவ்வளவுதான். நாளைக்குக் கணக்கு கிளாஸ்ல போட்டுடலாம்."

"தலைவின்னா இவதான்டி தலைவி," என்று சோடாபுட்டி அவள் முதுகில் தட்டிக் கொடுத்தாள்.

புதுசுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னால் தோழிகளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அப்புறம் ஆயுளுக்கும் டீச்சர் பொண்ணுதான். சொல்லாவிட்டால் அம்மாவின் இடுப்பு என்ன கதியாகும்? இந்தப் பெண்கள் கெட்டவர்களும் இல்லை. அவளுக்கு ஜுரம் வந்தபோது மாறி மாறிப் பாடம் எழுதித் தந்தவர்கள். அவளுக்காகத்தானே இத்தனையும் செய்கிறார்கள் என்று நினைத்தபோது அழுகை அழுகையாக வந்தது.

வீட்டில் அம்மா குப்புறப் படுத்திருந்தாள். புதுசு இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள்.

"அம்மா, நாளைக்கு எங்க கிளாஸ்ல உக்காராத. நீ நின்னுட்டு நடத்தினாத்தான் எனக்கு நல்லா புரியுது."

"அடிப்பாவி, காலைலேர்ந்து நின்னு நின்னு இடுப்பு விட்டுப் போச்சு. நாளைக்கு உங்க கிளாஸ்லதான் கொஞ்சம் சாஞ்சு உக்காரலாம்னு இருக்கேன்."

"பக்கத்து கிளாஸ்ல உக்காந்துக்கோயேன்."

"அங்க என் பொண்ணா இருக்கா?" என்றாள் அம்மா. பிறகு தலையணைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து வராண்டால எதிர்ல வந்தியே, 'குட் மார்னிங் டீச்சர்'னு சொல்லிட்டுப் போனியே. ஒரு மாதிரி ஆயிடுச்சுடி."

"சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு, இருக்கு. இன்னும் கொஞ்சம் கீழ தேய்."

புதுசு கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே தேய்த்தாள். கையெல்லாம் தைலம் என்பதால் கண் பயங்கரமாக எரிந்தது.

மறுநாள் நாற்காலி வந்து சேர்ந்தது. எல்லாரும் அதைத் தொடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். மதியம் வகுப்பு காலியாக இருந்த நேரம் பார்த்து, புதுசு அதைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி மூலையில் ஒதுக்கிவிட்டு, பக்கத்து வகுப்பு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள். ஐந்து நிமிடத்தில் பக்கத்து வகுப்பு வரலாற்று வாத்தியார் வந்தார். "என் நாற்காலியை எவ எடுத்தா?" என்று அதைத் தூக்கிக்கொண்டவர், போகிற போக்கில் மூலையில் கிடந்ததை மேசைக்குப் பின்னால் ஒழுங்காக வைத்துவிட்டும் போனார்.

மணி அடித்தது. அம்மா உள்ளே வந்தாள். புதுசு எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஒரு டவுட்டு."

அம்மா கரும்பலகையில் விளக்கினாள். முடிந்ததும் இன்னொரு சந்தேகம், அதற்கும் பிறகு இன்னொன்று. கடைசியில் வட்டம் ஏன் வட்டமாக இருக்கிறது என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு மேல கேட்டா எனக்கே கணக்கு மறந்துடும்," என்று அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியின் பக்கம் நகர்ந்தாள். வகுப்பு முழுவதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டது. அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு உட்காரக் குனிந்தாள்.

"அம்மா! உக்காராதம்மா!"

புதுசு பெஞ்சைத் தாண்டி ஓடினாள். அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"உடைஞ்ச நாற்காலிம்மா! உன் இடுப்பு போயிடும்!"

புதுசு மெல்லத் திரும்பினாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. முடிந்தது முடிந்ததுதான், இனி என்ன பயம்?

"ஆமாடி, எங்கம்மாதான்! இனிமே யாரும் எங்கிட்டப் பேச வேண்டாம், பிறந்தநாளுக்கும் வர வேண்டாம். ஆனா எங்கம்மா மேல ஒரு கீறல் விழுந்துச்சு, அவ்வளவுதான், நான் சும்மா இருக்க மாட்டேன்!"

குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, மிரட்டல் மிரட்டலாகவே இல்லை. அம்மாவின் கண்களிலும் நீர் நிறைந்துவிட்டது. "என் தங்கமே," என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அணைத்த வாக்கிலேயே அந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

புதுசு வீல் என்று கத்தினாள். நாற்காலி முனகக்கூட இல்லை. இரண்டு பேர் கனத்தையும் தாங்கிக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி நின்றது.

"உ... உடையலையே?" என்றாள் புதுசு.

லீடர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கடைசி பெஞ்சிலிருந்து சோடாபுட்டி எழுந்து நின்று, ஈரமான கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"டீச்சர், பேசினபடி உங்க பொண்ணை எல்லார் முன்னாடியும் அம்மான்னு கூப்பிட வெச்சுட்டோம். இனிமே சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் கிடையாதுல்ல?"