செக்கர் போன ஓவியக் கண்காட்சி

இந்தப் பூமியில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் பாறசாலையில் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. செக்கர் என்றால் தெருப்பூனைக்கும் தெரியும். சர்ச்சில் போதகர் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் ஒரு கண்ணைத்தான் மூடுவார். சலூனில் கண்ணாடியைப் பார்க்காமல் கத்தியையே பார்த்துக்கொண்டிருப்பார். இப்போதும் தினமும் காலையில் பஸ் ஸ்டாப்புக்கு வந்து, போகிற பஸ்களையெல்லாம் முறைத்து அனுப்பிவைக்கிறார்.

போன மாதம் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாணவர்களின் ஓவியக் கண்காட்சி. துணைக்கு அவரைக் கூப்பிட்டேன். புத்தி உள்ளவன் செய்கிற காரியமல்ல.

வாசலிலேயே ஒரு லேப்டாப். வேண்டியதைச் சொன்னால் அதுவே படம் போட்டுக் காட்டுமாம். "ஒரு பஸ் செக்கர்" என்றார் இவர். கண்மூடித் திறப்பதற்குள் திரையில் பளபளவென்று ஒருவன் வந்து சிரித்தான்.

"எலே, செக்கர் எங்க சிரிப்பான்? கள்ள மெஷினாக்கும் இது" என்று என் காதைக் கடித்தார்.

அங்கே பிடித்தது வினை. உள்ளே ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் விரலால் தடவி, பின்பக்கம் எட்டிப் பார்த்து, "இதும் மெஷினு" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனார்.

கடைசிச் சுவரில் ஒரு நீர்வண்ண ஓவியம். பஸ் ஸ்டாப்பில் ஒரு முதியவர். ஒரு புருவம் நெற்றிக்கு ஏறியிருக்கிறது, கண் இடுங்கியிருக்கிறது, காதில் புதராக முடி. சாட்சாத் செக்கர். சுற்றி நின்றவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவருக்கு மட்டும் தெரியவில்லை. சொல்ல எவருக்கும் தைரியமில்லை, எனக்கும்.

"ஆரு வரச்சது இது?"

"நான்தான் மாமா" என்றாள் பிளஸ் டூ படிக்கும் ஷைனி.

"கள்ளம் சொல்லாத பிள்ளே. இப்பிடி ஒரு மொகம் மனுசனுக்கு உண்டா?"

ஓவிய ஆசிரியர் ஓடிவந்தார். கம்ப்யூட்டர் படத்தைத் தன் படமென்று கொடுத்த யாரோ ஒரு மாணவனால் ஏற்கெனவே நொந்திருந்தவர். "பரிசுக்கு எடுத்த படம். புகாரு வந்தாச்சு. இப்பம் எறக்கி வைக்கலாம் மோளே, பிறகு விசாரிப்போம்" என்றார்.

ஷைனி அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அழவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாமா, இதில இரிங்க. உங்க முன்னாலயே வரச்சுக் காட்டுதேன்."

செக்கர் உட்கார்ந்தார். பென்சிலையும் வாங்கிச் சோதித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அவள் பார்ப்பாள், வரைவாள், மறுபடி பார்ப்பாள். வாசலில் இருந்த லேப்டாப் யாரையும் பார்க்காமலே படம் போட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் கழித்துக் காகிதத்தில் அதே புருவம் வந்தது, அதே காதும் வந்தது. செக்கர் அதை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தன் காதைத் தடவினார்.

"நானா மக்கா இது?"

"ஆமா மாமா. டெய்லி ஸ்கூலுக்கு வரும்ப பாறசாலை ஸ்டாப்புல உங்களப் பாப்பேன்."

ஆசிரியரிடம் திரும்பி, "பிள்ள வரச்சதாக்கும். படம் அங்கயே இருக்கட்டு" என்றார். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை.

"முடிஞ்சுது மாமா" என்றாள் ஷைனி.

"தெரியும்." காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். "பஸ்ல நான் எல்லாரு மொகத்தையும் பாத்திருக்கேன் மக்கா. என் மொகத்த ஒருத்தரும் பாத்ததில்ல. எல்லாரும் குனிஞ்சு டிக்கெட்டு தேடுவாவ."

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அவள் கொடுத்த காகிதம் கசங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பிடிக்க அவருக்குக் கை இல்லை. பாறசாலை வரும்வரை அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொண்டே வந்தேன்.