சொந்த வீட்டுக்கு ஒரு விலாசச் சீட்டு

நாட்குறிப்பு எழுதுபவன் எதையும் மறக்க மாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். நான் மறந்தது என் வீட்டை.

தொழிற்சாலைகளில் எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்வது என் வேலை. (சிரிக்காதீர்கள்.) அன்று புவனேசுவரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். இன்னொரு நிறுவனம் ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. மாதம் இருபது நாள் வெளியூர். மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாட்குறிப்பில் கோடு கிழித்து, இடப்பக்கம் சம்பளத்தின் நன்மைகளை ஒன்பது வரி எழுதியிருந்தேன். வலப்பக்கம், பயணத்துக்கு எதிரே, ஒரே சொல்: 'பழகிவிட்டது'.

சென்னையில் பேருந்து ஏறித் தூங்கிவிட்டேன். "திண்டிவனம்! திண்டிவனம்!" என்று நடத்துநர் கத்த, பதினோரு வருடப் பழக்கத்தில் இறங்கி நடந்தேன். வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் புது சோபா. டிவி இடம் மாறியிருந்தது. ஒவ்வொரு முறை வரும்போதும் என்னைக் கேட்காமல் ஏதாவது மாறியிருப்பது வழக்கம்தான். என் மனைவி கல்பனாவின் ரசனையை மனத்துக்குள் மெச்சினேன். தரையில் ஓர் அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கல்பனாவின் உறவு, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் என்று முடிவுகட்டினேன்.

"வாங்கக்கா, எப்ப வந்தீங்க?" என்று அவரை அவர் வீட்டிலேயே வரவேற்றுவிட்டு, சோபாவில் அமர்ந்து காலுறையைக் கழற்றினேன்.

"நான் இங்கதான் கீறேன். நீ யாரு சார்?"

"தெரியலையா? கல்பனாவோட வீட்டுக்காரர்."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அட, டீச்சரு வூட்டுக்காரரா! சாவி குடுக்கும்போதே சொன்னாங்க சார். 'ஊர் ஊரா சுத்திக்கினு கீறாரு, ஒரு நாள் இங்கதான் வந்து நிப்பாரு, இதைக் குடுத்து அனுப்புங்க'ன்னு."

காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டை உருவித் தந்தார். கல்பனாவின் கையெழுத்தில் விழுப்புரம் விலாசம். அவளுக்கு அங்கே மாற்றலாகி, மூன்று வாரம் முன்பு தனியாகவே வீடு மாற்றியிருந்தாள். என் நாட்குறிப்பிலும் இருந்தது: 'வீடு மாற்றம் – முடிந்தது.' பக்கத்தில் ஒரு டிக்.

அதற்குள் அம்மாள் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "டீச்சர், வந்துட்டாரு! பஸ் ஏத்தி உடறேன்." பிறகு என்னிடம், "மல்லாட்டை துன்னுட்டுப் போ சார், வெறும் வயித்தோட போவாத" என்று உரித்த வேர்க்கடலையை நீட்டினார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோது நாட்குறிப்பில் கோடு கிழித்த பக்கத்தைத் திறந்தேன். 'பழகிவிட்டது'. எனக்கு இல்லை, பழகியிருந்தது கல்பனாவுக்கு. நான் தொலைந்துபோவதற்குக்கூட ஏற்பாடு செய்துவைக்கும் அளவுக்கு.

வேண்டாம் என்று அங்கிருந்தே பதில் அனுப்பினேன். (அந்தச் சம்பளத்தை நினைத்து மாதக் கடைசியில் பெருமூச்சு வருவதுண்டு. பொய் சொல்ல மாட்டேன்.)

சீட்டை நாட்குறிப்பில் ஒட்டிவைக்க நினைத்தேன். என் மகள் விடவில்லை. அது எங்கள் வாசற்கதவின் உள்பக்கம், சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிறது. தெருமுனைக்குப் பால் வாங்கக் கிளம்பினாலும் உள்ளேயிருந்து குரல் வரும்:

"அப்பா, சீட்டு எடுத்துக்கினியா?"