பாதிப்பேச்சு அண்ணனும் என் முதல் சர்வரும்

இராமநாதபுரம் மாவட்டத்து ஜனங்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, இதில் மரியாதை தெரியாத ஆள் யார் என்று கேட்டால், யோசிக்காமல் பாதிப்பேச்சு அண்ணனைக் காட்டுவேன். வரிசையில் அவர் இருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். பாதியிலேயே கிளம்பிப் போயிருப்பார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த எங்கள் சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் அவர்தான் சீனியர். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்விடுவார். முதலாளியின் மனைவி புதுமனைப் புகுவிழாவுக்கு அழைத்தபோது, அவர் தேதியைச் சொல்வதற்குள் இவர் மாடிப்படி இறங்கிவிட்டார். என்னோடு பேசும்போது போனால், பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, நான் போனபிறகு என்ன செய்தாய் என்று விசாரணை வேறு. பேசிக்கொண்டே இருந்தேன் என்றால், அதுதான் தப்பு என்பார். யாருக்குத்தான் கோபம் வராது?

நான் விண்டோஸில் மட்டுமே பழகியவன். சேர்ந்த அன்றே என் மேசையிலிருந்த மவுஸைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, லினக்ஸின் கறுப்புத் திரை முன்னால் உட்கார வைத்தார். இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளும் வாசலான சாக்கெட்டைத் தொடுவதற்கு முன் விண்டோஸில் வழக்கமாக எழுதும் தொடக்க வரியை எழுதினேன். அழித்துவிட்டார்.

"இங்கன கும்பிடு போட்டு ஆரம்பிக்கணும்னு எவனும் கேக்கலலே."

ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஆறாவது மாதம் மண்டபத்துப் படகுக்காரர் சங்கத்துக்கு ஒரு சர்வர் எழுதச் சொன்னார்கள். திரும்பி வரும் படகு கரையை நெருங்கும்போது செல்போனில் தகவல் அனுப்பும். சங்கத்துத் திரையில் படகின் பெயர் வரும். ஐஸ் வண்டி தயாராகும். அது ஓடினால் எனக்கு வேலை, ஓடாவிட்டால் வீடு.

எழுதியதை அண்ணனிடம் காட்டினேன். எதிராளி பாதியில் போய்விட்டால் இந்த சர்வர் செத்துவிடும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒங்கள மாதிரி எல்லாரும் பாதியில போக மாட்டாங்கண்ணே" என்றேன். ஒரு வரியும் திருத்தவில்லை.

மண்டபத்தில் சோதனை ஓட்டம். முதலாளியும் அண்ணனும் கூட வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் தன் போனிலிருந்து தகவல் அனுப்பினார். அந்த நேரம் பார்த்து மருமகன் கூப்பிட, செயலியை மூடிவிட்டுப் பேசப் போய்விட்டார். தகவல் கிடைத்தது என்ற பதிலை என் சர்வர் அந்த மூடிய சாக்கெட்டில் எழுதியது. அப்படி எழுதினால், விண்டோஸில் ஒரு பிழை எண் திரும்பி வரும், நிரல் தன் பாட்டுக்கு ஓடும். லினக்ஸிலோ எதிராளி போய்விட்டார் என்று ஒரு சமிக்ஞை வரும், அதை ஒதுக்கச் சொல்லி வைக்காவிட்டால் நிரல் அங்கேயே காலி. என் சர்வர் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்தது. திரை அப்படியே நின்றது. முதலாளி முகம் சிவந்து, யார் எழுதியது என்றார்.

"நான் பாத்து விட்டதுதான். எம்மேலதான் தப்பு" என்றார் அண்ணன். உட்கார்ந்து ஒரே ஒரு வரி சேர்த்தார். படகுகளின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

அடுத்த வாரம் எனக்கு வேலை நிரந்தரம். அவருக்குப் பரமக்குடிக் கிளைக்கு மாற்றல். கடைகளின் விண்டோஸ் கணினிகளைப் பழுது பார்க்க, அந்த மனுஷனை! என் தப்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள இவர் யார்? நேரில் போய்க் கத்தினேன்.

"ஒனக்கு இது மொத வேலைலே. போயிருந்தா அப்பறம் கம்ப்யூட்டரையே தொட்ருக்க மாட்ட" என்றார்.

இது என்ன நியாயம்? இப்போதும் மதுரைக்குப் போகும்போதெல்லாம் பரமக்குடியில் இறங்கி, இதற்காக அவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுகிறேன்.