துதிக்கை கையா, மூக்கா?

ஒரு காட்டில் எல்லா விலங்குக்கும் போன் வந்து சேர்ந்தது. அன்றைக்கே வெள்ளைத்தாயி என்ற மந்திக்கு நிம்மதி போனது.

குரங்குக் குட்டி என்றால் தாயின் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் தாய் மரத்துக்கு மரம் தாவுகிறாள். அவள் குட்டி சின்னானின் இரண்டு கையிலும் போன் இருந்தது.

"புடிச்சுக்கடா ராசா, தாவப் போறேன்."

"இரும்மா, இந்த வீடியோ முடியட்டும்."

முடியவில்லை. ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. மூன்று தாவலில் பழுத்த அத்திமரம். தாயும் பிள்ளையும் மதியம் வரை பட்டினி.

வெள்ளைத்தாயி காட்டுத் தலைவரான யானையிடம் போய் அழுதாள்.

"சொல்லும்மா, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் தலைவர், துதிக்கையில் பிடித்திருந்த போனைப் பார்த்தபடி.

கூட்டம் கூடியது. 'பிள்ளைகளோடு இருக்கும்போதும் சாப்பிடும்போதும் யாரும் போனைக் கையில் எடுக்கக் கூடாது' என்று தீர்மானம் போட்டார்கள். எல்லோரும் சரி என்றார்கள். மறுநாள் ஒருவரும் போனைக் கீழே வைக்கவில்லை.

"என்ன அண்ணே இது?" என்று கரடியிடம் கேட்டாள்.

"எனக்கேது கை? இது முன்னங்கால். நாலுகால் பிராணின்னு சும்மாவா சொல்றாங்க?"

அவள் தலைவரிடம் திரும்பினாள். "உங்களுக்கு இருக்கே ஐயா. பேரிலேயே கை இருக்கே, துதிக்கைன்னு."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "வாழ்க்கையிலகூடத்தான் கை இருக்கு. அதுல போன் புடிக்க முடியுமா? இது மூக்கும்மா. மூச்சு விடுறேன், பாரு."

துதிக்கை மூக்குதான் என்று இரண்டாவது தீர்மானம் நிறைவேறியது. ஆக, அந்தக் காட்டில் குரங்குகளுக்கு மட்டும்தான் கை.

சின்னான் போன் இல்லாமல் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு அத்திப்பழம்கூட உள்ளே போகவில்லை. பெற்ற வயிறு கேட்குமா? போனைக் கொடியால் தன் வயிற்றிலேயே கட்டிக்கொண்டாள். சின்னான் இரண்டு கையாலும் அம்மாவை இறுக்கிக்கொண்டு திரையில் முகத்தைப் புதைத்தான். சட்டமும் மீறவில்லை. தாவவும் முடிந்தது.

"பாருங்க, எப்படி ஒட்டிக்கிட்டிருக்கான் என் புள்ளை" என்று மரம் மரமாகப் போய்க் காட்டினாள். 'போனை வென்ற பிள்ளை' என்று தலைவர் படம் எடுத்துக் காடு முழுக்க அனுப்பினார். மூக்கால்தான் எடுத்தார்.

ஒருநாள் அத்திமரத்திலிருந்து மருதமரத்துக்குத் தாவும்போது நடுவில் சார்ஜ் தீர்ந்தது. திரை கறுத்தது. என்ன ஆனதென்று தட்டிப் பார்க்கச் சின்னான் இரண்டு கையையும் விட்டான்.

கீழே தலைவர் நின்றிருந்தார்.

"ஐயா, துதிக்கையை நீட்டுங்க, புள்ளையைப் புடிங்க."

"மூக்கால எப்படிம்மா புடிக்கிறது? தீர்மானம் இருக்குல்ல" என்றார் தலைவர், நிமிராமலே.

நல்லவேளை, பக்கத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்த கரடியின் முதுகில் சின்னான் விழுந்தான். "நல்ல இடத்துல வீடியோவை நிறுத்திட்டானே" என்று கரடி திட்டியது.

வெள்ளைத்தாயி பதறி இறங்கி, பிள்ளையின் கையையும் காலையும் தடவிப் பார்த்தாள். பிள்ளை அவள் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"நல்லவேளைம்மா, ஸ்கிரீன் உடையல."

அன்று சாயங்காலமே அவள் இன்னொரு கொடியை அறுத்து, போனுக்குப் பக்கத்தில் ஒரு பவர்பேங்கையும் கட்டிக்கொண்டாள்.

நீதி: பெற்ற பிள்ளை கைவிடாமல் இருக்க வேண்டுமானால், பவர்பேங்கைப் பெரிதாகப் பார்த்து வாங்குங்கள்.