டீமேக்கர் ஐயா கழுவிய மீன்தொட்டி

பெண்சாதியின் வாயை அடைத்தே தீருவது என்று டீமேக்கர் சிதம்பரநாதன் முடிவு கட்டிவிட்டார். சண்டை போட்டு அல்ல, பரிசு கொடுத்து! எப்பேர்ப்பட்ட மூளை!

சண்முகவடிவு கேட்டது ஒன்றும் வைரத் தோடு இல்லை. "மத்தியானத்துல ஒரு நடை வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. பேச ஆளில்லாம எனக்கு வாயே தூந்துபோச்சு" என்றாள். அவ்வளவுதான். மகன் ஹட்டனில் போர்டிங்கில் படிக்கிறான். தோட்டம் கொடுத்த இவர்களுடைய குவாட்டஸ் வீடோ மேட்டில் ஒற்றையாய் நிற்கிறது. கீழே தேயிலை ஆலை. அதை அங்கே ஸ்டோர் என்பார்கள்; அதில் தேயிலை தயாரிப்பை மேற்பார்க்கிறவர்தான் டீமேக்கர். சிதம்பரநாதன் விடியுமுன் ஸ்டோருக்கு இறங்கினால் இருட்டிய பிறகுதான் ஏறுவார். பனி இறங்கிவிட்டால் வாசல் கேட்டுகூடக் கண்ணுக்குத் தெரியாது. சரி, தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போய் நாலு பொம்பளைகளோடு பேசலாம் என்றால், "ஸ்டாஃப் உத்தியோகஸ்தர் வீட்டம்மா லயத்து வாசல்ல உக்காரலாமா? என் கௌரவம் என்னாகும்?" என்று அதற்கும் தடை போட்டுவிட்டார் மனுஷன். ஆக, மிச்சம் இருந்தது அடுப்பு ஒன்றுதான். அவளும் அடுப்போடு பேசித்தான் பார்த்தாள். அது புகைந்தது.

அந்தச் சமயத்தில் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை சீமைக்குக் கப்பலேறினார். போகிற போக்கில் பங்களாவில் கிடந்த கண்ணாடித் தொட்டியை டீமேக்கருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நம்மவர் கண்டிக்குப் போய் இரண்டு தங்கமீன் வாங்கினார். பிஸ்கட் டின்னில் தண்ணீர் ஊற்றி, மீன்களை விட்டு, வழி நெடுக பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வேட்டி நனைந்தது. வீட்டு ஹோலில் தொட்டியை வைத்து, ஓடைக் கல் பரப்பி, மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் நிரப்பி, மீனை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தா வடிவு, உனக்குத் துணை. ஒண்ணில்ல, ரெண்டு!"

"இது பேசுமா?"

"பேசாது. நீ பேசினா கேட்டுக்கிட்டு இருக்கும்."

"கேக்குமா?"

"மூஞ்சியப் பாரு, எவ்வளவு கவனமா இருக்கு!"

"வாயத் தொறந்து தொறந்து மூடுது, ஒரு வார்த்தை வரல. அப்படியே நீங்கதான்" என்று சொல்லிவிட்டு வடிவு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு மூன்று நாள் போனது. தொட்டித் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போனது. மீன்கள் மேலே வந்து வாயை வாயைப் பிளந்தன. இருட்டியபின் வீடு திரும்பிய சிதம்பரநாதனை வடிவு கதவிலேயே நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. இந்த வீட்டுல உசுரோட இருக்கிறது நானும் இதுங்களும்தான். இதுங்களும் செத்துச்சுன்னா நான் லிந்துலைக்கு எங்க அக்கா பேச்சியம்மா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

கத்தியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். அவள் கத்தவில்லை. கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். நினைக்கவே பிடிக்கவில்லை.

"தண்ணிதானே? நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? டீமேக்கர் மாதிரிதான். ஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற அறையை அன்றாடம் தேய்த்துக் கழுவ வேண்டும். கொஞ்சம் சாறு ஒட்டிக் கிடந்தாலும் கிருமி பிடித்துத் தேயிலை புளித்துப்போகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கற்ற ஒரே வேதம் அதுதான். கண்ணாடியில் அழுக்குப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே, அதனால் மத்தியானம் மேட்டில் ஏறி வந்தார். மீன்களைப் பிஸ்கட் டின்னுக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டு விடாமல் இறைத்தார். கண்ணாடியைத் தேங்காய்த் தும்புக்கட்டையால் தேய்த்தார். கல்லையெல்லாம் கொதிக்க வைத்தார். புதுத் தண்ணீர் விட்டு, கரண்டியில் கொஞ்சம் மொண்டு, தேயிலை ருசி பார்க்கிற மாதிரி சுர்ரென்று உறிஞ்சித் துப்பினார்.

"புளிப்பில்ல."

"கொஞ்சம் சீனி போடவா?" என்றாள் வடிவு.

ஐயோ பாவம், புதுத் தொட்டித் தண்ணீர் அப்படித்தான் கலங்கும். அதற்கு வேண்டிய நல்ல கிருமிகள் கல்லிலும் கண்ணாடியிலும் குடியேறக் கொஞ்ச காலம் பிடிக்கும். சும்மா விட்டிருந்தால் தானே தெளிந்திருக்கும். இவரோ குடியேற வந்ததையெல்லாம் கொதிக்க வைத்துக் கொன்றார். தண்ணீர் திரும்பத் திரும்பக் கலங்கியது. இவர் திரும்பத் திரும்ப ஏறி வந்தார்.

வந்தவர் சும்மா போவாரா? சுடச்சுடச் சோறு இருந்தது. அவர் தேய்க்கத் தேய்க்க வடிவு பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து பேசினாள். கூரையில் குடும்பம் நடத்துகிற எலியைப் பற்றி ஒரு தொடர்கதையே சொன்னாள். ஒருநாள் இதையும் சொன்னாள்: "லொறி ஏறுற சத்தம் கேட்டா ஓடிப்போய் கேட்டுல நிப்பேங்க. யாராச்சும் நம்ம வீட்டுக்கு வராங்களோன்னு. பாத்தா உர மூட்டை போகும்."

சிதம்பரநாதனின் கை தும்புக்கட்டையோடு நின்றுவிட்டது. மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார்.

அப்புறம் மழை பெய்து கொழுந்து வந்து குவிந்தது. ஸ்டோர் ராவும் பகலும் ஓடியது. வீட்டுக்குப் போக வழியில்லை. காவல்கார வாச்சர் கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு சாக்கின் மேலேயே படுத்தார். சுற்றிலும் அத்தனை மெசின் இரைச்சல், ஆனால் பேச ஒரு ஆள் இல்லை. கூரை எலி குட்டி போட்டதா இல்லையா என்று தெரியாமல் மனுஷன் தவித்தார். இப்படித்தானே அவளுக்கும் தினமும் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. போதாக்குறைக்குக் கழுவாத தொட்டியில் மீன் மிதப்பது போலவும், வடிவு டிரங்குப் பெட்டியோடு லிந்துலை பஸ்ஸில் ஏறுவது போலவும் கண்ணை மூடினாலே தெரிந்தது.

கொழுந்து குறைந்ததும், ஒரு மத்தியானம், சப்பாத்துக் காலோடு மூச்சு வாங்க மேட்டில் ஏறினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தொட்டித் தண்ணீர் அப்படியொரு தெளிவு! கீழே கிடந்த கல்லை எண்ணலாம். மீன்கள் ஜாலியாக வட்டம் போட்டன. கைபடாமல் இருந்ததில் தானே தெளிந்துவிட்டது!

அடுப்படியிலிருந்து வடிவு வந்தாள். கையில் ஒரு செம்பு, அரிசி கழுவிய தண்ணீர். தொட்டிப் பக்கம் குனிந்து மீன்களிடம் சொன்னாள்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க, ராசா. இது தெளிஞ்சு கெடந்தா அவங்க எதுக்கு மத்தியானம் வரப்போறாங்க?"

செம்பைக் கவிழ்த்தாள். தண்ணீர் வெளுத்துப்போனது.

சிதம்பரநாதன் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினார். ஒரு வாய் பேச்சுக்கு இந்தப் பாடா? சத்தம் காட்டாமல் வாசல் கேட்டு வரைக்கும் போனார். கண்ணைத் துடைத்தார். பலமாக இருமிக்கொண்டு திரும்பி வந்தார்.

"அடடா! மறுபடியும் கலங்கிப்போச்சே!"

"ஆமாங்க. என்னா சாபமோ."

"நீ கவலைப்படாத வடிவு. இனி கொழுந்து வந்தாலும் சரி, துரையே வந்தாலும் சரி, தினம் மத்தியானம் நான் இங்கதான். அப்புறம்... லயத்துப் பக்கமும் போயிட்டு வா. கௌரவமாவது ஒண்ணாவது."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் ரகசியம் தனக்குத் தெரியும்; ஆனால் அது தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது! கல்யாணமான நாள்முதல் வடிவை ஜெயித்தது இதுதான் முதல் தடவை. மீசைக்குள் சிரிப்பு முட்டியது.

"என்னா தன்னால சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. சில விஷயம் ஆம்பளைக்குத் தெரியும், வெளிய காட்டிக்க மாட்டோம்."

"நல்லாத் தெரியட்டும்னுதாங்க" என்றாள் வடிவு, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "உங்க சப்பாத்துச் சத்தம் ஜன்னல்கிட்ட வந்து நிக்கிற வரைக்கும் செம்போட காத்துக்கிட்டு இருந்தேன்."