பத்துக் கலன் பச்சை

ஓய்வூதியம் எடுக்கிறவனுக்கு வேலை இருக்காது. நடைமுறை மட்டும் மிச்சமிருக்கும். அதை எங்காவது பிரயோகித்தாக வேண்டும். நான் வீட்டில் பிரயோகித்தேன்.

மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அதில் வந்து குடியேறுவார். ஆகவே கல்குடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவது பெண் பார்க்க என்றாலும் கண் சுவரில்தான் இருக்கும். நாவற்குடாவில் உள்ள எங்கள் வீட்டுச் சுவரோ அப்போது யாரும் பார்க்கக்கூடிய நிலையில் இல்லை.

சுவர்களை அளந்து, கதவு யன்னல்களைக் கழித்தேன். ஒரு கலன் பெயின்ட் எத்தனை சதுர அடி மூடும் என்பது அலுவலகக் காலத்து மனப்பாடம். கணக்குச் சரியாகப் பத்துக் கலனில் வந்து நின்றது. (மிஞ்சினால் கணக்காய்வுக்காரர் கேள்வி கேட்பார். எங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் வந்ததில்லை என்பது வேறு விசயம்.) கடைக்குப் போன் பண்ணி, இளம்பச்சை பத்துக் கலன் கலந்து அனுப்பச் சொன்னேன். பத்து டின் வந்தது. எண்ணிப் பார்த்துக் கையெழுத்தும் வைத்தேன்.

பின்பக்கத்திலிருந்து தொடங்கும்படி பெயின்டர் குணத்துக்கு உத்தரவிட்டவனும் நானே. விருந்தாளிகள் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் குணம் முன்விறாந்தைக்கு வந்து சேர்ந்தார். பெயின்ட் வந்து சேரவில்லை. வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவர் பழைய அழுக்கு மஞ்சளிலேயே நின்றது.

அப்போதுதான் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு லீற்றர்.

"கடையில நாலு லீற்றர் டின்னத்தானே கலன் எண்டு சொல்லுற," என்றாள் மனைவி. "ஊருக்கே தெரியும்."

"ஊருக்குப் பிழையாத் தெரியும். கலன் எண்டா இங்கிலீசு அளவில எட்டுப் பைந்து. நாலு தசம் அஞ்சு நாலு ஆறு லீற்றர். அமெரிக்கன் கலன் மூண்டு தசம் ஏழு எட்டு அஞ்சு. நாலு லீற்றருக்கு எந்த நாட்டிலயும் கலன் இல்ல."

"இஞ்சேருங்க, மறுகா இந்தச் சுவருக்கு எந்த நாட்டில இருந்து பெயின்ட் வரும்? கடையும் இண்டைக்குப் பூட்டு."

பற்றாக்குறை ஐந்து தசம் நான்கு ஆறு லீற்றர் என்று உடனே கணித்தேன். அவ்வளவு துல்லியமாகக் கணித்ததை நிரப்பாமல் விட மனம் வரவில்லை. கடைசி டின்னின் அடியில் கிடந்ததை வாளியில் கவிழ்த்து, பற்றாக்குறை எவ்வளவோ அவ்வளவு தண்ணீரை அளந்து ஊற்றினேன்.

குணம் பிரஷைக் கீழே வைத்தார். "ஐயா, இதக் குடிக்கலாம். பூச ஏலாது."

நானே பூசினேன். சுவர் வியர்த்தது. மஞ்சள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. திரும்பத் திரும்பப் பூசினேன். கடைசிப் பூச்சு முடியும்போது வாசலில் வேன் நின்றது. மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் இறங்கினார்கள்.

வேறு வழியில்லை. சுவரை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"உள்ளுக்கு வாங்க, இரிங்க," என்றேன் மாப்பிள்ளையின் தகப்பனிடம்.

"நீங்க நிக்கக்குள்ள நான் எப்பிடி இரிக்கிற?"

"எனக்கு நிண்டு பழக்கம்."

"அப்ப நானும் நிக்கிறன்."

பக்கத்தில் வந்து நின்றவர், உறவாகப் போகிற உரிமையில், சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். வெள்ளைச் சட்டை. எத்தனையோ நடைமுறைகள் அறிந்த எனக்குச் சம்பந்தியைச் சுவரிலிருந்து பிரிக்கும் நடைமுறை மட்டும் தெரியவில்லை.

தேநீர் வந்ததும் அவர் திரும்பினார். முதுகு முழுக்க இளம்பச்சை. மகள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய கலியாணம் என் கண் முன்னால் கரைந்து வழிந்தது.

"அதாவது, கலன் எண்டா..." என்று தொடங்கினேன். மனைவி என் காலை மிதித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்து வந்து, கணவனைத் திருப்பி நிறுத்தி, முதுகை வடிவாகப் பார்த்தார்.

"வீடு மகனுக்கும் மருமகளுக்கும் எண்டுதானே பேச்சு," என்றார். "நீங்க என்னத்துக்கு இப்பவே சுவரக் கழட்டி எடுக்கிறீங்க?"

முதலில் சிரித்தது மகள். அடுத்தது மாப்பிள்ளை. அன்றைக்கே நாளும் குறித்தாயிற்று.

இப்போதும் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால், சுவரை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்த பிறகுதான் உட்காருவார். பேரனும் அதைப் பழகிவிட்டான். போன கிழமை ஒரு கலியாண மண்டபத்தில், சபை நிறைய ஆட்கள் இருக்க, சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தான்:

"சாயலாம். இது அம்மப்பா அடிச்ச சுவரில்ல."