அம்மா அப்பாவின் நாக்கைக் கட்டிய மந்திரம்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, எழுதினால் பொய்யாகிவிடும். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

போன முறை வந்தபோது, அச்சகத்தில் உங்களிடம் பிழை திருத்தக் கொடுத்த தாள்களை எங்கள் சோபாவில் மறந்துவிட்டுப் போனீர்களே, மந்திரங்களுக்கென்றே இருக்கிற அந்தப் பழைய வேதத்தின் தமிழாக்கம், அதை நான் எடுத்துவிட்டேன். இருமலுக்கு, வயிற்றுப் பூச்சிக்கு, முடி வளர என்று எல்லாவற்றுக்கும் மந்திரம் இருந்தது. கோபம் தணியவும் ஒன்று இருந்தது. உங்கள் அக்காவும் என் அப்பாவும் போடும் சண்டை உங்களுக்குத் தெரியாததா? கீரியும் பாம்பும்கூட ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும். "நான் எங்கயாவது போய்த் தொலையுறேன்" என்பாள் அம்மா. "இரு, பெட்டியை நானே தூக்கிட்டு வரேன்" என்பார் அப்பா. அதனால் அவர்கள் அறை வாசலில் நின்று மந்திரத்தை முழுதாகப் படித்துவிட்டேன். மறுநாள்தான் பக்க எண்ணைப் பார்த்தேன், நடுவில் பல தாள்களைக் காணவில்லை! நான் படித்ததன் தலைப்பகுதி, கோபம் தணிக்கும் மந்திரம். வால்பகுதி, சபையில் எதிராளியின் நாக்கைக் கட்டும் மந்திரம்.

அன்றிலிருந்து இருவரும் வாய் திறப்பதில்லை, மாமா. "உப்பு வேணுமா?" "பரவால்ல." நாள் முழுக்க இவ்வளவுதான் பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா என்னை நிறுத்தி, "என்னடி, உங்க வீட்ல சத்தத்தையே காணோம், யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். என் தோழி வீட்டிலும் முதலில் இப்படித்தான் அமைதியானார்களாம். பிறகு அவள் அப்பா தனியாக வீடு பார்த்துப் போய்விட்டார். அப்பாவின் பெட்டி பரண்மேல்தான் இருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்கிறேன். கட்டிய நாக்கை அவிழ்க்கும் மந்திரம் இருந்தால் உடனே அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். திட்டமாட்டாள், அதுதான் பயம்.

அத்தைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். சமையலறையில் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எவ்ளோ நாள்தான் வாயைக் கட்டிட்டு இருக்கிறது?" என்றார் அப்பா.

"மெதுவா பேசுங்க. புள்ளை நிம்மதியா படிக்கட்டும்னுதானே நானும் பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன்? பரீட்சை முடியட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மந்திரம் அனுப்ப வேண்டாம், மாமா. விடிந்தால் கணக்குத் தேர்வு. பயத்தில் நான் இத்தனை நாளும் புத்தகத்தையே தொடவில்லை. மதிப்பெண் வரும் நாளில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தே கத்துவார்கள்.